முன்பின் தெரியாதவருக்கு விற்பனை மெயில்: யாழ்ப்பாணத்தில் இருந்து எந்தச் சேவையை வாங்கலாம்?

கூகிள் வேர்க்ஸ்பேஸ், மைக்ரோசொஃப்ட் 365, ஸோஹோ மெயில், அமேசன் எஸ்இஎஸ், பிறகு வெப் ஹொஸ்டிங் வாங்கும்போது இலவசமாக ஒட்டிக்கொண்டு வரும் மெயில் என்று எல்லாவற்றையும் வேலைக்காகப் பாவித்தாகிவிட்டது, அதனால்தான் இதை எழுதுகிறேன். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நாங்கள் ஒரு சின்ன மென்பொருள் குழு. கடைக்கணக்குச் செயலி, வெப்சைட், அந்த மாதிரி வேலைகள். வாடிக்கையாளர்களில் பெரும்பகுதி ரொறன்ரோ, லண்டன், மெல்பேர்ன் பக்கம். சொந்தக்காரர், கூடப் படித்தவர் என்று வந்தவர்களை விட்டால் மற்ற எல்லோரையும் பிடித்தது மெயிலில்தான்: அந்த ஆளை எங்களுக்குத் தெரியாது, அந்த ஆளுக்கு எங்களைத் தெரியாது, ஒரு மெயில் போடுவோம், பதில் வந்தால் பேச்சு, வராவிட்டால் ஒருக்கா நினைவூட்டிவிட்டு விட்டுவிடுவோம். இந்த வேலைக்கு எதை வாங்குவது என்று புதிதாகத் தொடங்கும் பெடியள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர் இத்தோடு போகலாம். உங்கள் முதன்மை டொமைனை (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) தொடாதீர்கள், பக்கத்தில் இன்னொரு டொமைன் வாங்குங்கள், அதில் கூகிள் வேர்க்ஸ்பேஸ் எக்கவுண்ட் இரண்டோ மூன்றோ போடுங்கள். நீங்கள் தேடும் ஆட்கள் அவுட்லுக் பாவிக்கும் அலுவலகக்காரர்கள் என்றால் மைக்ரோசொஃப்டில் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். மற்றவை எல்லாம் நல்ல சேவைகள், ஆனால் வேறு வேலைக்கு.

ஹொஸ்டிங் மெயிலில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இங்கே நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தொடங்குவது அதில்தான். வெப்சைட் இடத்தோடு 'அளவில்லாத மெயில் எக்கவுண்ட்' என்று தருவார்கள், ஹொஸ்டிங்கை நிர்வகிக்கும் சீபனல் பக்கத்துக்குள் போய் ஒரு நிமிடத்தில் திறக்கலாம், தனியாகக் காசு இல்லை. தெரிந்த வாடிக்கையாளரோடு கடிதப் போக்குவரத்து வைக்க அது போதும், நான் குறை சொல்ல மாட்டேன். தெரியாதவருக்கு அனுப்பத் தொடங்கும்போதுதான் கதை மாறும். அந்த ஒரு சேர்வரில் உங்களைப் போல நூற்றுக்கணக்கான வெப்சைட்டுகள் குடியிருக்கும், எல்லோருடைய மெயிலும் வெளியே போவது ஒரே ஐபி முகவரியால் (சேர்வருடைய இணைய இலக்கம்). யாரோ ஒருவருடைய பழைய வேர்ட்பிரஸ் வெப்சைட்டை எவனோ உடைத்து அதற்குள்ளால் மருந்து விளம்பரம் அனுப்பினால் ஸ்பாம்ஹவுஸ் போன்ற தடைப்பட்டியலில் ஏறுவது உங்கள் மெயிலும்தான். பங்குக் கிணற்றில் அடுத்த வீட்டுக்காரன் சவர்க்காரத் தண்ணியை ஊற்றினால் உங்கள் வாளியிலும் நுரைதான் வரும். நாங்கள் முன்பு வைத்திருந்த ஒரு ஹொஸ்டிங் கொம்பனியில் இப்படி நடந்தபோது அவர்களின் உதவிப் பிரிவு தந்த பதில் இது: எங்கள் பக்கம் பிரச்சினை இல்லை, பெறுபவரை ஸ்பாம் பெட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஆளோடு முதல் தடவையாகப் பேசத்தானே மெயிலே அனுப்புகிறோம், ஸ்பாமைப் பார் என்று சொல்ல இன்னொரு மெயில் போடுவதா? அதுவும் ஸ்பாமுக்குத்தானே போகும்.

அடுத்தது மொத்தமாக அனுப்பும் சேவைகள். அமேசன் எஸ்இஎஸ் 1000 மெயிலுக்கு 0.10 டொலர், அதாவது 10 சதம். இந்த விலையைப் பார்த்தவுடன் 'அண்ணை, பத்தாயிரம் பேருக்கு ஒரு டொலரில முடிச்சிடலாம்' என்று கணக்குப் போடாத பெடியன் கிடையாது. முடியாது. புது எக்கவுண்ட் முதலில் ஒரு அடைப்புக்குள்தான் திறக்கும், அங்கே 24 மணி நேரத்துக்கு 200 மெயில், அதுவும் நீங்கள் ஏற்கெனவே உறுதிப்படுத்திய முகவரிகளுக்கு மட்டும். வெளியே வர விண்ணப்பிக்க வேண்டும், யாருக்கு அனுப்பப் போகிறீர்கள், அந்தப் பட்டியல் எப்படி வந்தது என்று கேட்பார்கள். உள்ளே விட்ட பிறகும் கண்காணிப்பு நிற்காது: திரும்பி வரும் மெயில் 5 வீதத்தைத் தாண்டினால் எக்கவுண்டை மதிப்பாய்வுக்கு எடுப்பார்கள், 10 வீதத்தைத் தாண்டினால் அனுப்புவதையே நிறுத்தலாம், ஸ்பாம் என்று முறைப்பாடு வருவதற்கு அந்த எல்லைகள் 0.1 வீதமும் 0.5 வீதமும். எங்கேயோ இருந்து சுரண்டி எடுத்த பட்டியலில் 5 வீதம் செத்த முகவரி இல்லாமல் இருந்தால் அதிசயம். சென்ட்கிரிட், மெயில்கன், மெயில்சிம்ப், பிரெவோ எல்லாமே இந்த விடயத்தில் ஒரே கட்சி, சம்மதம் தராதவருக்கு அனுப்பக் கூடாது என்பது அவர்களின் விதி. அவர்களிடம் போய் நின்று பொய் சொல்லி உள்ளே போகிறவர்களும் இருக்கிறார்கள், எக்கவுண்ட் மூடுபட்டதும் அழுகிறவர்களும் அவர்கள்தான்.

இதை எஸ்இஎஸ்ஸின் குறையாக எடுக்க வேண்டாம். எங்கள் கணக்குச் செயலியில் இருந்து பில் போவதும் பாஸ்வேர்ட் மாற்றும் மெயில் போவதும் அதன் வழியாகத்தான், அந்த வேலைக்கு அதைவிட மலிவாகவும் ஒழுங்காகவும் ஒன்று இருக்கிறதாக எனக்குத் தெரியவில்லை.

ஸோஹோ மெயிலைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கொஞ்சம் பக்கச்சார்பு உண்டு, சென்னையில் இருந்து உலகம் முழுக்க விற்கிற கொம்பனி, பிடிக்காமல் இருக்குமா. மெயில் லைட் என்ற திட்டம் ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டினால் ஓர் ஆளுக்கு மாதம் 1 டொலர், 5 ஜிபி இடம். 5 பேர் வரைக்கும் இலவசத் திட்டமும் இருக்கிறது, ஆனால் அதில் ஐமேப் கிடையாது, பிரவுசரிலும் அவர்களின் செயலியிலும் மட்டும்தான் பார்க்கலாம், வெளி மென்பொருள் எதையும் கொழுவ முடியாது. விளம்பரம் இல்லை, முகப்பு சுத்தம், நிர்வாகப் பக்கம் கூகிளை விட எனக்கு வடிவாக விளங்குகிறது. எங்கள் முதன்மை டொமைனின் மெயில் இன்றைக்கும் அங்கேதான். ஆனால் கேட்காதவருக்கு மொத்தமாக அனுப்புவதை அவர்களின் பாவனை விதி அனுமதிக்காது. விளம்பர மெயிலுக்கு ஸோஹோ கம்பெய்ன்ஸ், பில் மாதிரியான தானியங்கி மெயிலுக்கு செப்டோமெயில் என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். ஒரு டொலர் விலைக்கு ஆசைப்பட்டு விற்பனை மெயிலை அங்கே கொண்டுபோக வேண்டாம்.

இனிக் கூகிள். பிசினஸ் ஸ்டார்ட்டர் திட்டம் ஆண்டு ஒப்பந்தத்தில் ஓர் ஆளுக்கு மாதம் 7 டொலர், மாதாமாதம் விட்டுவிடக் கூடிய முறையில் 8.40 டொலர். 2025 இல் ஜெமினி என்ற தங்கள் ஏஐயையும் உள்ளே போட்டு விலையை ஏற்றினார்கள், எனக்கு ஜெமினி தேவையில்லை என்று சொல்லிக் குறைக்க முடியாது. மூன்று எக்கவுண்ட் என்றால் மாதம் 21 டொலர், டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 6300 ரூபாய். திருநெல்வேலியில் இருக்கிற சின்னக் குழுவுக்கு இது ஒரு செலவுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அதையே வாங்கச் சொல்கிறேன், காரணம் உங்கள் மெயில் வெளியே போவது கூகிளின் சொந்த ஐபிகளால், உலகத்தில் எந்த அலுவலகமும் அதை முழுதாகத் தடுக்கத் துணியாது. மிச்சம் எல்லாம் உங்கள் டொமைனின் பெயரில்தான் தங்கியிருக்கும்.

விளம்பரத்தில் நாளுக்கு 2000 மெயில் அனுப்பலாம் என்று இருக்கும். அந்த எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். முதலாவது, அது பரீட்சார்த்தக் காலத்தில் 500 தான். உங்கள் டொமைன் மொத்தமாக 100 டொலர் கட்டி, அதற்குப் பிறகு 60 நாள் போனால்தான் 2000 ஆகும், இதை விற்கிறவர்கள் யாரும் சொல்வதில்லை. இரண்டாவது, அந்த எல்லை வழமையான அலுவலக மெயிலுக்கு. கேட்காமல் மொத்தமாக அனுப்பும் வியாபார மெயில் கூகிளின் விதியிலும் ஆகாது. எனவே செய்வதென்றால் ஆளைப் பார்த்து, அந்த ஆளுடைய கடையைப் பார்த்து, ஒவ்வொன்றாக எழுதுகிற அளவுக்குத்தான் செய்யலாம். ஓர் எக்கவுண்டில் நாளுக்கு முப்பது நாற்பதைத் தாண்டாமல் வைக்கிறோம், அதற்குள்ளேயே பதில் எழுத நேரம் போதாமல் போகும்.

2024 பெப்ரவரியில் இருந்து கூகிளும் யாகூவும் விதியை இறுக்கியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5000 க்கு மேல் அனுப்புகிறவர் எஸ்பிஎஃப் (உங்கள் டொமைன் பெயரில் அனுப்ப எந்தச் சேர்வர்களுக்கு அனுமதி என்ற பட்டியல்), டீகிம் (மெயிலில் போடும் டிஜிட்டல் கையெழுத்து), டிமார்க் (இவற்றில் ஒன்றுகூடப் பொருந்தாவிட்டால் மெயிலை என்ன செய்வது என்ற அறிவுறுத்தல்) மூன்றும் வைத்திருக்க வேண்டும், விளம்பர மெயிலில் ஒரே அழுத்தலில் விலகும் வழி இருக்க வேண்டும். சின்ன ஆட்களுக்கும் எஸ்பிஎஃப் அல்லது டீகிம் ஏதாவது ஒன்று கட்டாயம், ஸ்பாம் முறைப்பாடு 0.3 வீதத்துக்குக் கீழே. நாங்கள் 5000 அனுப்பவில்லையே, எங்களுக்கு என்ன என்று இருந்துவிடாதீர்கள், கணக்கைப் பாருங்கள்: 0.3 வீதம் என்றால் ஆயிரம் மெயிலுக்கு மூன்று பேர். நீங்கள் நாளுக்கு நூறு அனுப்பி ஒரே ஒருவர் கடுப்பில் 'ஸ்பாம்' என்று அழுத்தினால் அன்றைக்கு 1 வீதம். இன்னும் மோசம், முறைப்பாட்டு வீதத்தைக் காட்டும் கூகிளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் பக்கம் இவ்வளவு சின்ன அளவில் அனுப்புகிறவருக்கு எதையும் காட்டாது, வெறும் பக்கமாகவே இருக்கும். பெரியவர்களுக்கு மீட்டர் இருக்கிறது, எங்களுக்கு இல்லை. பதில் வருவது திடீரென்று நின்றால்தான் ஏதோ பிழை என்று தெரியும்.

மைக்ரோசொஃப்ட் பற்றி எனக்கு இரண்டு மனம். எக்ஸ்சேஞ்ச் ஒன்லைன் முதலாம் திட்டம் ஓர் ஆளுக்கு மாதம் 4 டொலர், 50 ஜிபி பெட்டி. வேர்டும் எக்செலும் பிரவுசரில் வேண்டும் என்றால் பிசினஸ் பேசிக், அது 2025 இல் 6 டொலராக இருந்தது. முதலாம் திட்டம் கூகிளை விட மலிவு. நாளுக்கு 10,000 பெறுநர், நிமிடத்துக்கு 30 மெயில் என்று எல்லைகளும் பெரிசு. ஆனால் அதன் நிர்வாகப் பக்கம் ஒரு காடு. டீகிம்மைத் திறக்க வேண்டுமா, அது மெயில் நிர்வாகத்தில் இல்லை, டிஃபெண்டர் என்ற பாதுகாப்புப் பக்கத்துக்குப் போக வேண்டும், அங்கே தருகிற இரண்டு சீநேம் பதிவுகளை (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பிவிடும் வரிகள்) உங்கள் டொமைன் விற்றவரிடம் போய்ப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து ஆளியைத் தட்ட வேண்டும். உங்கள் சொந்த டொமைனுக்கு இது தானாக நடப்பதில்லை, தெரியாமல் அப்படியே விட்டு ஆண்டுக்கணக்காக அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வெளி மென்பொருளில் வெறும் பாஸ்வேர்ட்டைக் கொடுத்து அனுப்பும் பழைய வழியையும் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வருகிறார்கள், புது எக்கவுண்டில் அது ஏற்கெனவே பூட்டித்தான் இருக்கும். இன்னொரு விடயம், உங்கள் மெயில் ஸ்பாம் மாதிரி இருக்கிறது என்று அவர்களின் சேர்வர் நினைத்தால் அதை மறுக்காது, ஆனால் 'ஆபத்து கூடியவை' என்று ஒதுக்கி வைத்த வேறு ஐபிகளால் வெளியே விடும். உங்களுக்குப் போனது என்றுதான் காட்டும். போய்ச் சேர்ந்த இடம் வேறு.

அப்படியிருந்தும் ஒரு எக்கவுண்ட் அங்கே வைத்திருக்கிறோம். கணக்காளர்கள், சட்டத்தரணிகள், காப்புறுதி முகவர்கள், இவர்களைத் தேடுகிறீர்கள் என்றால் பாதிக்கு மேல் மைக்ரோசொஃப்ட்தான் பாவிப்பார்கள் என்பது என் அனுபவம். சந்தேகம் என்றால் அவர்களின் டொமைனுக்கு வரும் மெயில் எந்தச் சேர்வருக்குப் போகிறது என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவைத் தேடிப் பாருங்கள், முடிவில் அவுட்லுக் என்று இருந்தால் மைக்ரோசொஃப்ட், கூகிள் என்று இருந்தால் கூகிள், இலவசமாகப் பார்க்க எத்தனையோ வெப்சைட் இருக்கிறது. மைக்ரோசொஃப்டில் இருப்பவருக்கு மைக்ரோசொஃப்டில் இருந்தே அனுப்பினால் உள்ளே போகும் வாய்ப்புக் கூட என்பது எங்கள் எண்ணம். அறுதியாக நிறுவ முடியாது, பதில் வருகிற விதத்தை வைத்துச் சொல்கிறேன்.

எதை வாங்கினாலும் டொமைனின் பதிவுகளை எழுதி வைக்கும் டிஎன்எஸ் பக்கத்தில்தான் பாதி உயிர் இருக்கிறது, அங்கேதான் எங்கள் பெடியள் கூடுதலாக மினக்கெடுகிறார்கள். கோண்டாவிலில் இருந்து ஒரு தம்பி லப்டொப்பைக் கொண்டுவந்து வைத்தார், கூகிளில் இருந்து அனுப்பும் எல்லாமே ஸ்பாமுக்குப் போகிறதாம்.

"எஸ்பிஎஃப் போட்டனீங்களோ?" என்று கேட்டேன்.

"போட்டனான் அண்ணை, ரெண்டு போட்டிருக்கிறன். ஹொஸ்டிங்காரர் தந்தது ஒண்டு, கூகிள் தந்தது ஒண்டு. ரெண்டு இருந்தா இன்னும் நல்லம்தானே?"

நல்லம் இல்லை. ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் பதிவு ஒன்றுதான் இருக்கலாம், இரண்டைக் கண்டால் பெறுகிற சேர்வர் எது சரி என்று பார்த்துக்கொண்டு நிற்காது, பிழை என்று முடிவெடுத்து இரண்டையும் தள்ளிவிடும். இரண்டையும் ஒரே வரியில் சேர்த்து எழுத வேண்டும், அந்த வரிக்குள்ளும் வேறு சேவைகளைச் சுட்டும் தேடல்கள் 10 ஐத் தாண்டக் கூடாது. அவருடைய ஹொஸ்டிங் மெயில் இனித் தேவையே இல்லை என்பதால் பழையதை அழித்தோம். பிறகு டீகிம். கூகிள் தருகிற 2048 பிட் சாவி நீளமானது, டிஎன்எஸ் எழுத்துப் பதிவில் ஒரு துண்டு 255 எழுத்துக்கு மேல் போகாது, சில டொமைன் கடைகளின் பக்கம் அதைத் தானாகத் துண்டாக்கும், சிலது வாலை வெட்டிவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி 'சேமிக்கப்பட்டது' என்று பச்சை நிறத்தில் காட்டும். அவருடையது இரண்டாவது வகை. கடைசி எழுத்துகளை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும். பதிவு சரியான பிறகும் கூகிள் நிர்வாகப் பக்கத்துக்குத் திரும்பிப் போய் உறுதிப்படுத்தலைத் தொடங்கும் பொத்தானை அழுத்த வேண்டும், அதை அவர் அழுத்தவே இல்லை.

சரி பார்க்க எளிய வழி: உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு ஒன்று அனுப்பி, அதைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் மூல வடிவத்தைக் காட்டு என்பதை அழுத்துங்கள். மேலே ஒரு சின்ன அட்டவணை வரும், எஸ்பிஎஃப், டீகிம், டிமார்க் மூன்றுக்கும் நேரே 'பாஸ்' என்று இருக்க வேண்டும். டீகிம் வரியில் இருக்கிற டொமைன் உங்களுடையதுதானா என்பதையும் பாருங்கள், அனுப்பும் மென்பொருளுடைய பெயர் அங்கே இருந்தால் 'பாஸ்' என்று இருந்தும் டிமார்க்குக்கு அது உதவாது. டிமார்க்கை முதலில் 'ஒன்றும் செய்யாதே, அறிக்கை மட்டும் அனுப்பு' என்ற நிலையில் போடுங்கள், எல்லாம் ஒழுங்கு என்று கண்ட பிறகு இறுக்கலாம். மெயில் திரும்பி வந்து அதில் 550 5.7.26 என்ற எண்ணைக் கண்டால் ஜிமெயில் உங்களை அடையாளம் காண முடியவில்லை என்று அர்த்தம், எழுதிய வசனங்களை மாற்றிப் பிரயோசனம் இல்லை, டிஎன்எஸ்ஸுக்குப் போங்கள்.

டொமைன் வாங்கும்போது டொட் கொம் வாங்குங்கள், ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு டொலர். முதல் ஆண்டு ஒரு டொலர் என்று விற்கும் எக்ஸ்வைஇசட், டொப் போன்ற முடிவுகள் வேண்டாம், ஸ்பாம்காரர்கள் அந்த விலைக்காகவே வாங்கி அடித்து அவற்றின் பெயரைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். டொட் எல்கே அழகு, எனக்கும் பிடிக்கும், ஆனால் விலை கூட. அதை முதன்மை முகவரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். புது டொமைனில் வாங்கிய அன்றே விற்பனை மெயில் அனுப்பாதீர்கள். சில வாரம் தெரிந்தவர்களோடு உண்மையாகவே மெயிலில் பேசி, பிறகு நாளுக்கு ஐந்து, பத்து என்று ஏற்றுங்கள். இதைத் தானாகச் செய்கிறோம் என்று விற்கும் 'வோர்ம் அப்' சேவைகளுக்கு நான் காசு கட்டுவதில்லை. ஒருவருக்கொருவர் தெரியாத எக்கவுண்டுகள் தங்களுக்குள்ளேயே அர்த்தமில்லாத மெயில் அனுப்பி, ஸ்பாமில் இருந்து எடுத்து, பதிலும் போடுகிற நாடகம் அது, கூகிளுக்குத் தெரியாமலா இருக்கும்? ஜிமாஸ் என்ற சேவை கூகிள் சொன்னதன் பேரில் 2023 இல் அந்த வசதியையே மூடியது.

முகநூலிலும் டெலிகிராமிலும் பாதி விலைக்குக் கூகிள் எக்கவுண்ட் விற்கிறவர்களிடம் வாங்க வேண்டாம். நிர்வாகி அவன், நீங்கள் குடியிருப்பவர், மற்றக் குடியிருப்பாளர் யார் என்று உங்களுக்குத் தெரியாது. நேரே வாங்க வெளிநாட்டுக் கொடுப்பனவு திறந்த ஒரு வங்கி காட் போதும். பேபாலில் இங்கே இருந்து கட்டலாம், பெறத்தான் முடியாது, எனவே வாடிக்கையாளரிடம் 'பேபால் பண்ணுங்கோ' என்று எழுதிவிடாதீர்கள்.

மெயிலுக்குள் வைத்த ஒரு ஒளித்த படம் இறங்குவதை வைத்து, ஆள் திறந்து பார்த்தாரா என்று காட்டும் வசதியை நாங்கள் நிறுத்தி வைத்திருக்கிறோம். 2021 இல் ஐஓஎஸ் 15 வந்ததில் இருந்து அப்பிளின் மெயில் செயலி படங்களை முன்கூட்டியே தானாக இறக்கிவிடுகிறது, ஆள் பார்க்காவிட்டாலும் பார்த்ததாகக் காட்டும். புளுகு எண்ணுக்காக ஒரு ஒளித்த படத்தைச் சேர்த்து ஸ்பாம் வடிகட்டியைச் சீண்டுவது ஏன்? நேரத்தைக் குறித்து வைத்து அனுப்பும் வசதி மட்டும் முக்கியம். ரொறன்ரோவில் காலை 9 மணி என்றால் எங்களுக்குக் கோடையில் பின்னேரம் 6.30, மாரியில் இரவு 7.30. கூகிள், மைக்ரோசொஃப்ட் இரண்டிலும் அது உள்ளேயே இருக்கிறது, கரண்ட் போனாலும் மெயில் போகும்.

தமிழில் எழுதி அனுப்புகிறவர்களுக்கு ஒன்று: பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியதை வெட்டி ஒட்டாதீர்கள். உங்கள் கணினியில் தமிழாகத் தெரிவது அங்கே ஆங்கில எழுத்துக் குப்பையாகப் போய் விழும், அந்தக் குப்பையைப் பார்த்தால் ஸ்பாம் வடிகட்டி என்ன, நானே அழித்துவிடுவேன். யுனிகோட்டில் எழுதுங்கள்.

சட்டம் என்றவுடன் எல்லோரும் அமெரிக்காவின் கேன்ஸ்பாமைப் பற்றித்தான் பேசுவார்கள். 2003 ஆம் ஆண்டுச் சட்டம், அது ஒப்பீட்டளவில் இலகு: தலைப்பில் ஏமாற்றக் கூடாது, உண்மையான தபால் முகவரி போட வேண்டும், வேண்டாம் என்றவரை 10 வேலை நாளுக்குள் நீக்க வேண்டும், முன்கூட்டியே சம்மதம் தேவையில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் இருந்து நாங்கள் தேடுவது பெரும்பாலும் கனடாவை, அங்கே கதை வேறு. 2014 ஜூலையில் இருந்து நடைமுறையில் இருக்கும் அவர்களின் ஸ்பாம் எதிர்ப்புச் சட்டம் சம்மதத்தைக் கேட்கிறது, மெயிலைத் திறக்கிற கணினி கனடாவில் இருந்தாலே போதும், நீங்கள் கொக்குவிலில் இருந்து அனுப்பினாலும் அது பொருந்தும், நிறுவனத்துக்கு ஒரு மீறலுக்கு உச்சத் தண்டம் 1 கோடி கனேடிய டொலர். ஒரு வாசல் இருக்கிறது: தன் மெயில் முகவரியை வெளிப்படையாகப் போட்டிருக்கிற ஒருவர், விளம்பரம் அனுப்பாதே என்று எழுதியிருக்காவிட்டால், அவருடைய வேலையோடு சம்பந்தப்பட்ட விடயமாக எழுதலாம். எனவே ஸ்கார்பரோவில் ஒரு கணக்காளருடைய சொந்த வெப்சைட்டில் இருந்து முகவரியை எடுத்து, அவருடைய கணக்கு வேலைக்கான மென்பொருள் பற்றி எழுதினால் சரி. பட்டியல் விற்கிறவரிடம் ஐயாயிரம் முகவரி வாங்கி எல்லோருக்கும் ஒரே மெயிலை அடித்தால் சரியில்லை. நாங்கள் ஒவ்வொரு முகவரிக்கும் பக்கத்தில் அது எந்தப் பக்கத்தில், எந்தத் திகதியில் எடுத்தது என்று எழுதி வைக்கிறோம், கேட்டால் காட்ட வேண்டியது அனுப்பியவர்தான்.

இங்கிலாந்தில் கம்பனியாகப் பதிந்த நிறுவனத்துக்குச் சம்மதம் இல்லாமல் எழுதலாம், ஆனால் தனி ஆளாக வியாபாரம் செய்பவர் சட்டத்தின் கண்ணில் தனிநபர், சம்மதம் வேண்டும். ஈஸ்ட்ஹாமிலும் வெம்பிளியிலும் இருக்கிற எங்கள் ஆட்களின் கடைகளில் எத்தனையோ அப்படித்தான் நடக்கின்றன, எனவே பெயருக்குப் பின்னால் லிமிட்டெட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். ஜேர்மனியை விட்டுவிடுங்கள், அங்கே நிறுவனங்களுக்கு அனுப்புவதற்கும் வெளிப்படையான சம்மதம் முன்கூட்டியே வேண்டும். டுசில்டோர்ஃபில் சித்தப்பா இருந்தால் அவரிடம் சொல்லி அறிமுகம் வாங்குங்கள்.

கஸ்தூரியார் வீதி நகைக்கடைக்கோ ஸ்ரான்லி வீதி ஹாட்வெயார் கடைக்கோ விற்கப் போகிறவர் மேலே சொன்ன எதையும் வாங்க வேண்டாம். பெயர்ப்பலகையில் மெயில் முகவரி போட்டிருப்பார்கள், அதைத் திறக்கிற பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறது என்று முதலாளிக்கே தெரியாது. மத்தியானச் சனம் குறைந்த நேரமாகப் பார்த்து நேரே போங்கள், முதலாளி இல்லை என்றால் வட்ஸ்அப் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.